போட்டோ, பேரு போட்ட வீடியோ கார்டு: பணம் கட்டறதுக்கு முன்னாடி

கேள்வி: அண்ணா, பாப்பாவுக்கு அடுத்த மாசம் முதல் பொறந்தநாள். முன்னாடியெல்லாம் ஆண்டர்சன் தெரு போயி கார்டு வாங்கி அடிப்போம், இப்ப எங்க ஏரியால எல்லாருமே குழந்தை போட்டோ, பேரு, பாட்டு போட்டு வாட்ஸ்அப்ல வீடியோ கார்டா அனுப்புறாங்க. இன்ஸ்டால ஒருத்தர் 900 ரூபா சொல்றாரு, முழுசா முன்னாடியே ஜிபே பண்ணணுமாம். இன்னொரு ஆப் 7 நாள் ஃப்ரீன்னு காட்டுது. எதுல போறது?
- தண்டையார்பேட்டை வாசகி

பதில்: ஆப்பை விட்டுடும்மா. ஃப்ரீன்னு உள்ள போனதும் 1 ரூபா, 2 ரூபாய்க்கு யுபிஐ பின் போட சொல்லும், நம்மளும் சின்ன காசு தானேன்னு போட்டுடுவோம், ஆனா அங்க நீங்க ஒத்துக்கிறது ஆட்டோபே, 7 நாள் முடிஞ்சதும் மாச சந்தாவோ வருஷ சந்தாவோ அதுவா அக்கவுண்ட்லேர்ந்து போயிடும். ஆப்பை டெலீட் பண்ணிட்டா நின்னுடும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, நிக்காது. ஜிபே, போன்பே எதுல பின் போட்டீங்களோ அதுக்குள்ள ஆட்டோபேன்னு ஒரு இடம் இருக்கும், அங்க போயி கேன்சல் பண்ணணும். காசு எடுக்க 24 மணி நேரம் முன்னாடி தகவல் சொல்லணும்னு ரிசர்வ் பேங்க் ரூல் இருக்கு, அந்த மெசேஜ் பத்து விளம்பர மெசேஜுக்கு நடுவுல வந்து விழும், யார் பாக்குறா? இப்படி சந்தால மாட்டி விடுறதையும் 2023ல மத்திய அரசு தடை பண்ண 13 தந்திரங்கள்ல ஒண்ணா சேர்த்திருக்காங்க, அதனால மாட்டிக்கிட்டாலும் புகார் பண்ண உங்களுக்கு உரிமை இருக்கு.

இன்ஸ்டா ஆளுகிட்ட பண்றதுல தப்பில்ல, உக்காந்து வேலை செய்றவங்களுக்கு காசு குடுக்கத்தான் வேணும். ஆனா முழுசா முன்பணம் வேணாம். பாதி குடுங்க, மீதி வீடியோவை பாத்துட்டு. எத்தனை தடவை திருத்தி தருவாரு, எந்த தேதிக்குள்ள தருவாரு, அவரு பேரு மேல ஓடாம சுத்தமான ஃபைல் வருமா, இது எல்லாத்தையும் சாட்ல எழுதி வாங்குங்க, போன்ல பேசிட்டு விட்டுடாதீங்க.

அதைவிட முக்கியம், அவரு ஏற்கனவே செஞ்ச தமிழ் கார்டு ஒண்ணை கேட்டு பாருங்க. சில எடிட்டிங் சாஃப்ட்வேர்ல செட்டிங் சரியா வைக்கலைன்னா தமிழ் எழுத்து உடைஞ்சிடும், கொம்பு எழுத்துக்கு பின்னாடி போயி நிக்கும், புள்ளி தனியா மிதக்கும். தமிழ் தெரியாத எடிட்டருக்கு அது கண்லயே படாது. புள்ளைய ஆசையா கூப்பிடற பேரு முதல் கார்டுலயே சிதைஞ்சு வந்தா எவ்ளோ கஷ்டமா இருக்கும்! அதனால பேரு, தேதி, கிழமை, மண்டபம் எல்லாத்தையும் நீங்களே டைப் பண்ணி குடுங்க, வாய்ஸ் நோட் வேணாம்.

வீடியோக்குள்ள மேப் லிங்க் போட்டா தட்டினா திறக்காது, அதை தனி மெசேஜா அனுப்பணும். வாட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்பினா க்ளாரிட்டி குறையும், டாக்குமெண்டா அனுப்புங்க. பெரியவங்களுக்கு ஒரு போட்டோ கார்டும் வாங்கி வைங்க, பட்டன் போன் வச்சிருக்கிற காசிமேடு ஆயாவுக்கு நேர்ல போயி சொல்றதுதான் முறை. இன்னொண்ணு, குழந்தையோட முழு பிறந்த தேதி, வீட்டு டோர் நம்பர் ரெண்டும் கார்டுல வேணவே வேணாம், ஃபார்வர்ட் ஆகி எங்க போகும்னு நம்ம கையில இல்ல. விழா தேதியும் மண்டபமும் போதும்.

காசு வாங்கிட்டு இழுத்தடிச்சா ஸ்கிரீன்ஷாட் எல்லாம் எடுத்து வச்சுக்கிட்டு 1915க்கு போன் பண்ணுங்க, தேசிய நுகர்வோர் உதவி எண் அது. அதுலயும் நடக்கலைன்னா நுகர்வோர் ஆணையம் இருக்கு, 2019 சட்டப்படி நீங்க குடியிருக்கிற மாவட்டத்துலயே கேஸ் போடலாம், நீங்க குடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும்னா ஃபீஸ் கிடையாது. அந்தாளு வெளியூர்னாலும் நீங்க அலைய வேணாம்.

கேள்வி: மாமா நம்பர்லேர்ந்து கல்யாண பத்திரிகைன்னு ஒரு ஃபைல் வந்துச்சு சார், தட்டினா இன்ஸ்டால் பண்ணவான்னு கேக்குது. பண்ணலாமா?
- ராயபுரம் வாசகர்

பதில்: பண்ணவே பண்ணாதீங்க. பத்திரிகைன்னா போட்டோ, வீடியோ, பிடிஎஃப், இதுக்குள்ளதான் வரும், இன்ஸ்டால் கேக்காது. பேரு கடைசில ஏபிகேன்னு இருந்தா அது பத்திரிகையே இல்ல, ஆப். உள்ள போயி எஸ்எம்எஸ் படிக்க பர்மிஷன் வாங்கிட்டு பேங்க் ஓடிபியை அள்ளிடும். 2024 நவம்பர்லயே ஹிமாச்சல் போலீஸ் இதே கல்யாண பத்திரிகை மோசடியை பத்தி எச்சரிக்கை விட்டாங்க. ஏற்கனவே இன்ஸ்டால் பண்ணிட்டீங்கன்னா முதல்ல நெட்டை ஆஃப் பண்ணுங்க, வேற போன்லேர்ந்து பேங்க்குக்கு சொல்லி அக்கவுண்டை முடக்குங்க, காசு போயிருந்தா உடனே 1930க்கு போன் பண்ணுங்க, சைபர் மோசடி புகார் எண் அது, லேட் பண்ண பண்ண பணத்தை நிறுத்தி வைக்கிற வாய்ப்பு குறையும். மாமாவுக்கும் வாட்ஸ்அப்ல இல்லாம நேரடியா போன் போட்டு சொல்லுங்க, அவரு போன்லதான் மொதல்ல புகுந்திருக்கும், அவருக்கே தெரியாம சொந்தக்காரங்க எல்லாருக்கும் அதே ஃபைல் போயிட்டிருக்கும்.