வலி மாத்திரையும் வயிறும்: மருந்தாளுநர் பதில்கள்

சார், டோலோ போட்டால் வயிற்றை ஒன்றும் செய்வதில்லை. காம்பிஃப்ளாம் போட்டால் மட்டும் நெஞ்சு எரிகிறது. இரண்டும் வலி மாத்திரைதானே?

டோலோ 650 என்பது வெறும் பாரசிட்டமால். காம்பிஃப்ளாமில் 325 மி.கி. பாரசிட்டமாலோடு 400 மி.கி. ஐபுப்ரோஃபெனும் இருக்கிறது. எரிச்சலுக்குக் காரணம் இந்த ஐபுப்ரோஃபென்தான். வலியையும் வீக்கத்தையும் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் உடம்பில் உருவாகாமல் அது தடுக்கிறது. ஆனால் இரைப்பைச் சுவரை அமிலம் அரிக்காமல் காக்கும் சளிப்படலத்துக்கும் அதே புரோஸ்டாகிளாண்டின் வேண்டும். ஆஸ்பிரின் இப்படித்தான் வேலை செய்கிறது என்று 1971-இல் காட்டியவர் பிரிட்டிஷ் மருந்தியல் அறிஞர் ஜான் வேன். 1982-இல் நோபல் பரிசு பெற்றார். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் எல்லாமே இதே வகைதான். சாதாரணத் தலைவலிக்கும் உடம்புவலிக்கும் முதலில் பாரசிட்டமாலைப் போட்டுப் பாருங்கள். அதற்கும் அளவு உண்டு: 650-ஐ ஒரு நாளில் ஆறுக்கு மேல் போடவே கூடாது, கல்லீரல் கெடும். சளி மாத்திரைக்குள்ளும் பாரசிட்டமால் இருக்கும், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பிட்டுவிட்டுப் போட்டால் பயமில்லை அல்லவா?

எரிச்சல் குறையும், அவ்வளவுதான். மாத்திரை இரைப்பையில் படுவதால் மட்டும் புண் வருவதில்லை. ரத்தத்தில் கலந்த பிறகும் அதே வேலையைச் செய்கிறது. ஊசியாகப் போட்டாலும் புண் வரலாம். அதனால் சாப்பாட்டைவிட எத்தனை மாத்திரை, எத்தனை நாள் என்பதுதான் முக்கியம். டாக்டர் சொல்லாமல் ஐபுப்ரோஃபென் போடுகிறவர் ஒரு நாளைக்கு 1200 மி.கி.யைத் தாண்டக் கூடாது. மூன்று நாளில் அடங்காத வலியை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். ஒரு டம்ளர் தண்ணீர் முழுக்கக் குடியுங்கள், விழுங்கியதும் படுக்காதீர்கள். மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டினால் அங்கேயே புண்ணாகும்.

கூடவே ஒரு பாண்டாப்ரசோல் போட்டுக்கொள்கிறேன் அண்ணா. சாப்பிட்ட பிறகு இரண்டையும் சேர்த்துதான்.

பாண்டாப்ரசோல் இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை; சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்னால் போட்டால்தான் முழுப் பலன். அது இரைப்பையைத்தான் காக்கும். சிறுநீரகத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வலி மாத்திரை செய்யும் கெடுதலை அது தடுக்காது.

அம்மாவுக்கு 67 வயது, மூட்டுவலி. இதயத்துக்குத் தினமும் ஆஸ்பிரின் 75 சாப்பிடுகிறார். கடையில் தரும் 'செட்' மாத்திரை நன்றாகக் கேட்கிறது என்கிறார்.

உடனே நிறுத்தச் சொல்லுங்கள். தாளில் மடித்துத் தரும் பெயரில்லாத செட்டில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. பல நேரம் டைக்ளோஃபெனாக்கோடு ஸ்டீராய்டும் இருக்கும். நன்றாகக் கேட்பதற்கு அதுதான் காரணம். வயது, ஆஸ்பிரின், இன்னொரு வலி மாத்திரை, ஸ்டீராய்டு எல்லாம் ஒன்றுசேர்ந்தால் இரைப்பையில் ரத்தக்கசிவு வரும் ஆபத்து பல மடங்கு. இந்தத் தொழிலில் இருந்துகொண்டே சொல்கிறேன், செட் மாத்திரை விற்பது தவறு. ஆனால் அம்மா நெடுநாள் சாப்பிட்டிருந்தால், ஸ்டீராய்டைத் திடீரென்று விட்டாலும் உடம்பு தளரலாம்; மாத்திரையை அப்படியே எடுத்துக்கொண்டு இன்றே டாக்டரைப் பாருங்கள். முழங்கால் வலிக்கு டைக்ளோஃபெனாக் ஜெல் தடவலாமா என்றும் அவரிடமே கேளுங்கள். ரத்தத்தில் மிகக் குறைவாகத்தான் சேரும். இதய ஆஸ்பிரினை மட்டும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

மாதவிலக்கு வலிக்கு மெஃப்டால் ஸ்பாஸ்?

அதிலும் ஐபுப்ரோஃபென் வகை வலி மருந்து இருக்கிறது. அல்சர் இல்லையென்றால், சாப்பிட்டுவிட்டு ஓரிரு நாள் போடலாம். கர்ப்பமோ என்ற சந்தேகம் இருந்தால் வேண்டாம்.

காய்ச்சலோடு கடுமையான உடம்புவலி. ப்ரூஃபென் போடலாமா?

ப்ரூஃபென் என்பதும் ஐபுப்ரோஃபென்தான். டெங்கு இல்லை என்று தெரியும்வரை கூடாது. டெங்குவில் ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறையும் நேரத்தில் அது ரத்தக்கசிவைக் கூட்டும். பாரசிட்டமால் மட்டும்.

நாலு நாளாக வலி மாத்திரை சாப்பிடுகிறேன். நேற்று மலம் தார்போலக் கறுப்பாகப் போனது. வயிற்றுவலி இல்லை.

இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கறுக்கும். ஆனால் தார்போல ஒட்டினால், இரைப்பையில் ரத்தம் கசிகிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். வலி இல்லாமலும் கசியும். மாத்திரையை நிறுத்திவிட்டு இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், காலைவரை காத்திருக்காதீர்கள்.