உருமி கேட்டும் உருகாத மகனுக்கு 1,800 வெள்ளியில் பயிற்சியா?

கேள்வி: தைப்பூசத்தன்று பினாங்கு தண்ணீர்மலைக் கோவிலில் உருமி மேளம் கேட்டாலே எனக்கு உடம்பு சிலிர்த்துக் கண் கலங்கும். படிவம் இரண்டு படிக்கும் என் மகனோ போனை நோண்டிக்கொண்டு நிற்கிறான். எந்தப் பாட்டும் அவனுக்குப் பிடிப்பதில்லை. கைரேகைச் சோதனை செய்த ஏஜண்ட், "வலது மூளை மந்தம்" என்று சொல்லி 1,800 வெள்ளிக்குப் பயிற்சி எடுக்கச் சொல்கிறார். சேர்க்கலாமா? (ஒரு தாய், பட்டர்வொர்த், மலேசியா)

பதில்: வேண்டாம், அம்மா. முன்பணம் கட்டியிருந்தால் இன்றைக்கே திருப்பிக் கேளுங்கள்.

மூளையில் ஒலியை அலசும் பகுதியும், சாப்பாடு, பணம் கிடைத்தால் மகிழும் பகுதியும் கைகோத்தால்தான் பாட்டு சிலிர்க்க வைக்கும். அந்த இணைப்பு ஆளுக்கு ஆள் கூடும், குறையும். காது நன்றாகக் கேட்டும் இசையில் இன்பமே காணாத சிலரை பார்சிலோனா ஆய்வாளர்கள் 2014இல் சோதித்தார்கள். எது சோகப் பாட்டு என்று அவர்களால் சரியாகச் சொல்ல முடிந்தது. பணம் ஜெயித்தபோது எல்லாரையும் போல மகிழவும் செய்தார்கள். நூற்றுக்கு 3 முதல் 5 பேர் இப்படி இருக்கலாம் என்பது மதிப்பீடு.

உங்கள் கண்ணீரில் பழைய ஞாபகங்களுக்கும் பங்கு உண்டு. அவை அவனுக்கு இல்லை. அப்புறம், அம்மா பக்கத்தில் நிற்கும்போது எந்தப் பதினான்கு வயதுப் பையன் அழுவான்?

கைரேகை தாய் வயிற்றிலேயே உருவாகிவிடும் தோல் வரி. அதில் மூளையின் மந்தத்தைப் படிக்க முடியாது. ஆனால் ரிப்போர்ட்டில் ஏதாவது ஒன்று மந்தமாகத்தான் வரும். இல்லாவிட்டால் பேக்கேஜை எப்படி விற்பது? பதிவு செய்யாமல் கவுன்சலராகத் தொழில் நடத்தக் கூடாது என்று 1998லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் "மைண்ட் கோச்" என்று போர்டு மாட்டினால் கேட்பதற்கு ஆளில்லை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். முன்பு பாட்டு கேட்டவன் திடீரென்று நிறுத்தினானா? கூடவே பந்து விளையாட்டு, நண்பர்கள், ஆசையாகச் சாப்பிடும் நாசி கண்டார், எல்லாமே கசந்துவிட்டதா? இரண்டு வாரமாகத் தூக்கமும் சரியில்லையா? அப்படியானால் இது ரசனை விஷயமே இல்லை, மனச்சோர்வாக இருக்கலாம். மறுபடியும் சொல்கிறேன்: பாட்டு மட்டும் என்றால் விட்டுவிடுங்கள், எல்லாமே என்றால் காத்திருக்காதீர்கள். அரசு கிளினிக்கில் 1 வெள்ளிதான். டாக்டரைப் பார்த்து, மனநல நிபுணருக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். நிபுணரிடம் முறை வர மாதக்கணக்கில் ஆகலாம். அந்த இடைவெளியில்தான் ஏஜண்டுகள் பிழைக்கிறார்கள். அதுவரை பள்ளிக் கவுன்சலரிடம் பேசச் சொல்லுங்கள், பாவம், ஃபாரம்களை நிரப்பியது போக அவருக்கு நேரம் மிஞ்சினால்.

பாட்டு மட்டும்தான் என்றால், அடுத்த தைப்பூசத்துக்கு அவனைத் தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்ற விடுங்கள்.