22 பாட்டும் ஒரு சண்டையும்

கேள்வி: எனக்கு 20 வயது. மதுரை செல்லூர். அப்பா விசைத்தறித் தொழிலாளி. நானும் இரண்டு நண்பர்களும் பள்ளி நாளிலிருந்தே தமிழில் ராப் எழுதிப் பாடுகிறோம். தறிச் சத்தம், ரேஷன் கடை, வைகைக்கரை என்று எங்கள் தெருவைத்தான் எழுதுவோம். எங்களை இந்த வழிக்குக் கொண்டுவந்த பாடகர் (பெயரை அச்சிட வேண்டாம்) இப்போது ஒரு பெரிய கம்பெனிக்காக 22 பாட்டுகள் கொண்ட ஆல்பம் வெளியிட்டிருக்கிறார். எல்லாம் காரும் கிளப்பும் காதலும்தான். கடைசிப் பாட்டு மட்டும் பழைய மாதிரி. காசுக்குப் பாட ஆரம்பித்தால் அது ஹிப் ஹாப்பே இல்லை என்று நான் சொன்னேன். நண்பர்களோ நாமும் இப்படித்தான் எழுத வேண்டும் என்கிறார்கள். இங்கே ஒரு ஸ்டுடியோக்காரர் எங்களிடம் ஒரு காதல் பாட்டு கேட்டு, பணமும் பேசி, ஒப்பந்தத்தை நீட்டியிருக்கிறார். அதை வைத்துச் சண்டை வந்து பேச்சே நின்றுவிட்டது. அந்தப் பாடகர் எங்களை ஏமாற்றிவிட்டாரா? நான் குழுவைவிட்டு விலகிவிடட்டுமா?
— செல்லூர் வாசகர்

பதில்:

அன்புத் தம்பி,

உங்கள் கடிதம் வந்த பிறகு அந்த ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை கேட்டேன். உங்களுக்குக் கோபம் வந்ததில் எனக்கு வியப்பில்லை. ஆனால் அந்தக் கோபத்தைக் காசின்மேல் காட்டுகிறீர்கள். அது சரியில்லை என்று நினைக்கிறேன்.

ராப்பின் தாய்வீடான ஹிப் ஹாப் பிறந்த இரவு என்று எல்லோரும் சொல்வது 1973 ஆகஸ்ட் 11. நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதி, செட்ஜ்விக் அவென்யூவில் 1520ஆம் எண் குடியிருப்பு. டிஜே கூல் ஹெர்க் இசைத்தட்டுகளைச் சுழற்றிய அந்த விருந்தை ஏற்பாடு செய்தவர் அவருடைய தங்கை சிண்டி கேம்பல். பள்ளி திறக்கப்போகிறது, புதுத் துணி வாங்கக் காசு வேண்டும், அதற்காகத்தான் விருந்து. வாசலில் பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் நுழைவுக் கட்டணம். நீங்கள் உயிராக நினைக்கும் கலை முதல் நாளே டிக்கெட் போட்டுத்தான் தொடங்கியது. அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. உங்கள் அப்பா கூலிக்குத்தான் துண்டு நெய்கிறார். அதனால் அந்தத் துண்டில் இழை குறைந்துவிடுகிறதா?

அப்படியானால் இந்த ஆல்பத்தில் எது உறுத்துகிறது? முதலில் அதன் வடிவம். 22 பாட்டில் பெரும்பாலானவை இரண்டரை நிமிடத்தைத் தாண்டவில்லை. எடுத்த எடுப்பிலேயே பல்லவி வந்துவிடுகிறது. அவருக்குச் சொல்ல விஷயம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். இது இன்றைய கணக்குப் போடும் முறையின் விளைவு. ஸ்பாட்டிஃபை என்ற இணையப் பாட்டுச் செயலியில் ஒரு பாட்டு 30 விநாடி ஓடினால்தான் அது ஒருமுறை கேட்கப்பட்டதாக, அதாவது ஒரு ஸ்ட்ரீமாக, கணக்கில் சேரும். அமெரிக்காவில் தங்க, பிளாட்டினச் சான்று வழங்கும் ஒலிப்பதிவுத் தொழில் சங்கம் 2016லிருந்து 1,500 ஸ்ட்ரீம்களை ஓர் ஆல்பம் விற்றதற்குச் சமமாக எடுத்துக்கொள்கிறது. பாட்டு எத்தனை கூடுகிறதோ அத்தனை ஸ்ட்ரீம். 2018இல் ராப் பாடகர் டிரேக் வெளியிட்ட ஆல்பத்தில் 25 பாட்டுகள். அதே ஆண்டு மீகோஸ் என்ற ராப் குழுவின் ஆல்பத்தில் 24. அந்தக் காற்று இங்கேயும் வீசுகிறது. ஆகவே 22 பாட்டையும் ஒரே மூச்சில் எடைபோட வேண்டாம். நிரப்புவதற்காகப் போட்டவை எவை, அவர் உட்கார்ந்து எழுதியவை எவை என்று பிரித்துக் கேளுங்கள். எனக்கு அந்தக் கடைசிப் பாட்டோடு, நடுவில் வரும் இன்னும் இரண்டு பாட்டுகளும் பிடித்தன. அவற்றில் ஒன்று காதல் பாட்டுதான்.

ஒன்றை மட்டும் நான் மன்னிக்க மாட்டேன். பெண்களைப் பொருளாக எண்ணி, விலைபேசி, ஏளனம் செய்யும் வரிகள் நான்கைந்து பாட்டுகளில் வருகின்றன. நீங்கள் காரையும் கிளப்பையும் குறை சொன்னீர்கள், இதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. அவருடைய பாட்டுகளை உங்கள் வயதுப் பெண்களும்தான் மனப்பாடமாகப் பாடினார்கள். இந்த வரிகளுக்குக் கம்பெனியைக் காரணம் காட்ட முடியாது. பேனா அவர் கையில் இருந்தது. உங்கள் கோபத்தை இங்கே வையுங்கள், நானும் உங்கள் பக்கம் நிற்கிறேன்.

ஏமாற்றிவிட்டாரா என்று கேட்கிறீர்கள். நியூயார்க்கின் குவீன்ஸ்பிரிட்ஜ் குடியிருப்பில் வளர்ந்த ராப் பாடகர் நாஸ் 1994இல் வெளியிட்ட முதல் ஆல்பத்தை விமர்சகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். 1996இல் அவருடைய இரண்டாவது ஆல்பம் வந்தபோது, சந்தைக்காக இறங்கிவிட்டார் என்று பலர் முகம் சுளித்தார்கள். அது அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. முதல் ஆல்பத்துக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. ஆண்டுகள் கழித்து அந்த இரண்டாவது ஆல்பத்தையும் மதித்துப் பேசினார்கள். உங்கள் பாடகரின் ஆல்பத்துக்கும் அந்த மதிப்பு வரும் என்று நான் சொல்லவில்லை. அவர் இன்னும் எழுதிக்கொண்டிருக்கும் மனிதர், இப்போதே கணக்கை முடிக்காதீர்கள் என்கிறேன். அவருடைய பழைய பாட்டுகள் உங்களை எழுத வைத்தன. அது நடந்துமுடிந்த உண்மை. இந்த ஆல்பத்தால் அதை அழிக்க முடியாது.

இனி உங்கள் நண்பர்கள். விலக வேண்டாம். இவ்வளவு காலம் சேர்ந்து எழுதியவர்களை ஒரு காதல் பாட்டுக்காக விடுவது எனக்கு மனம் ஒப்பவில்லை. மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் திருவிழாவுக்கு ஸ்பெஷல் நாடகம் போடுவார்கள், பார்த்திருப்பீர்கள். 1918இல் சங்கரதாஸ் சுவாமிகள் சிறுவர்களை வைத்து நாடக சபை தொடங்கியதும் இதே மதுரையில்தான். ஊரார் வரி போட்டுப் பணம் திரட்டி நடிகர்களை அழைக்கிறார்கள். வெவ்வேறு ஊரிலிருந்து வரும் ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் பல நேரம் மேடையில்தான் ஒருவரையொருவர் சந்திப்பார்கள். பபூன் வந்து கூட்டத்தைச் சிரிக்கவைப்பார், சினிமா மெட்டும் எடுப்பார். அதே மேடையில் நள்ளிரவு தாண்டி வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம் தொடங்கும். ஒருவர் கேள்வியைப் பாட்டாகப் போட, மற்றவர் அந்த இடத்திலேயே பதில் கட்ட வேண்டும். சொல்லுக்குச் சொல் விட்டுக்கொடுக்காமல் பாடுவார்கள். கூட்டத்துக்குப் பிடித்ததும் கனமான பாட்டும் ஒரே இரவில் அடுத்தடுத்து வருவதை அங்கே யாரும் தவறாக நினைத்ததில்லை.

நீங்கள் மூவரும் அப்படி ஒரு தர்க்கம் நடத்துங்கள். தெருவை எழுதுவதா, காதலை எழுதுவதா என்பதையே பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பீட் (பின்னணித் தாள இசை). அவர்கள் எட்டு வரி, நீங்கள் எட்டு வரி. உங்கள் கடிதத்தில் இருக்கும் சூட்டை வரிகளில் கொண்டுவந்தால், நீங்கள் மூவரும் இதுவரை எழுதியதைவிட நல்ல பாட்டாக அது அமையக்கூடும். காதல் பாட்டும் எழுதிப் பாருங்கள், தம்பி. செல்லூர்ப் பையனும் பெண்ணும் எங்கே நின்று பேசுவார்கள், யார் கண்ணுக்குப் பயப்படுவார்கள், ஷிப்ட் முடிந்து எந்த நேரத்தில் பார்ப்பார்கள் என்று எழுதினால் அதிலும் உங்கள் தெரு வரும். வாங்கிய கார்களின் பட்டியலை எழுதினால் வராது.

ஒப்பந்த விஷயத்தில் நான் கண்டிப்பாக இருக்கப் போகிறேன். 1979இல் சுகர்ஹில் கேங் என்ற குழுவின் பாட்டுதான் ராப்பை முதன்முதலாகப் பெரிய அளவில் விற்றுக் காட்டியது. ஒரு கம்பெனி முதலாளி சேர்த்துவிட்ட குழு அது. அதில் பாடிய ஒருவர், கிராண்ட்மாஸ்டர் காஸ் என்ற பிராங்ஸ் பாடகர் எழுதிவைத்திருந்த வரிகளை எடுத்துப் பாடினார். காஸின் இன்னொரு மேடைப் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லும் இடம்கூட அப்படியே பதிவாகிவிட்டது. எழுதியவர் என்ற இடத்தில் காஸின் பெயர் இல்லை. விற்பனைக்கு வந்ததைவிட இதுதான் எனக்கு வலிக்கிறது.

ஸ்டுடியோக்காரரின் தாளில் “பாட்டின் எல்லா உரிமையும்” என்று இருக்கிறதா என்று பாருங்கள். நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1957இல் வந்தது. 2012இல் அதைத் திருத்தியபோது பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ஒரு காப்பு கொடுத்தார்கள். உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டாலும், பாட்டு பயன்படும்போது வரும் ராயல்டியில் சமபங்கு பெறும் உரிமையை வாரிசுக்கோ உரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் தர முடியாது. தந்ததாகத் தாளில் எழுதியிருந்தாலும் அது செல்லாது. எத்தனை ஆண்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு என்றே சட்டம் கொள்ளும். அதனால் காலத்தைத் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். மூவர் பெயரும் எழுதியவர்கள் என்ற இடத்தில் வர வேண்டும். பீட்டை இணையத்தில் வாங்கியிருந்தால் அதன் உரிமத்தில் விற்பனைக்கு அனுமதி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பலர் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

கையெழுத்துப் போடும் முன் மூவரும் சேர்ந்தே அந்தத் தாளை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். கட்டணம் கொடுக்க வழியில்லை என்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. குறைந்த வருமானமுள்ள குடும்பங்களுக்கு அங்கே இலவச ஆலோசனை கிடைக்கும். உங்கள் நோட்டுகளைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, தேதியோடு உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். இதை இன்றைக்கே செய்யுங்கள், நண்பர்களையும் செய்யச் சொல்லுங்கள். அவர்களை அழைத்துப் பேச உங்களுக்கு அதுவே ஒரு காரணமாக இருக்கட்டும்.