வாய்மொழித் தேர்வு பயம்

கேள்வி: ஐயா, முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டேன். அடுத்த மாதம் வாய்மொழித் தேர்வு. சபையில் நின்று பதில் சொல்வதை நினைத்தாலே நடுங்குகிறது. — வாசகி, திருநெல்வேலி

பதில்: அம்மா, பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிப்படி, வெளித் தேர்வாளர்கள் குறைந்தது இருவர் உங்கள் ஏட்டைப் படித்து ஏற்ற பிறகுதான் வாய்மொழித் தேர்வே. பெரிய மலையைத் தாண்டிவிட்டீர்கள். அவர்கள் அறிக்கையில் எழுப்பிய வினாக்களை நெறியாளரிடம் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றுக்கும் விடையும் பக்க எண்ணும் எழுதிவையுங்கள். துறையில் வேறொருவருக்குத் தேர்வு நடந்தால் போய் உட்காருங்கள்; ஆய்வு மாணவர்களுக்கு அனுமதி உண்டு. தேர்வாளராகப் போகும் இடங்களில் நான் முதலில் கேட்பது, 'நீங்கள் புதிதாகக் கண்டது என்ன?' என்பதுதான். முன்னுரையை ஒப்பிக்காதீர்கள், கண்டதை உங்கள் பேச்சிலேயே சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொன்னதற்காக நான் யாருக்கும் பட்டத்தை மறுத்ததில்லை.