பாய்மரப் படகில் குளிர்: என்ன உடுத்துவது?

கேள்வி: இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டனில் வசிக்கிறேன். வயது 44. 12 வயது மகளோடு டிங்கி எனப்படும் சின்னப் பாய்மரப் படகு ஓட்டப் பழகுகிறேன். மார்ச் மாதத்தில் நல்ல வெயில் அடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பனியன், ஜீன்ஸ், ஸ்வெட்டர், மழைக்கோட்டோடு கடலில் இறங்கினோம். படகு கவிழ்ந்து நான் நீரில் விழுந்ததும் ஒரு நிமிடம் மூச்சே கட்டுக்குள் வரவில்லை. கரையேறியபோது விரல்கள் வெள்ளைவெளேர் என்று மரத்திருந்தன. இதயத்தில் கோளாறா? எப்படி உடுத்த வேண்டும்? ஒற்றைத் தலைவலிக்கு ப்ரோப்ரனலால் சாப்பிடுகிறேன்.

பதில்: மூச்சு திணறியது பெரும்பாலும் குளிர்நீர் அதிர்ச்சிதான். 15 டிகிரிக்குக் குறைவான நீரில் திடீரென விழுந்தால் யாருக்கும் மூச்சு விசுக்கென்று உள்ளே இழுக்கும், பிறகு மேல்மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் ஏறும். ஒன்றிரண்டு நிமிடத்தில் தணிந்துவிடும். அதுவரை நீந்த முயலாமல் மிதந்தால் போதும். மிதவை அங்கி அதற்குத்தான். நெஞ்சு வலியோ மயக்கமோ இருந்திருந்தால் மட்டும் தாமதிக்காமல் இசிஜி எடுத்துவிடுங்கள்.

அன்று உங்களை ஏமாற்றியது வெயில். குளிர்காலம் முழுக்கச் சூட்டை இழந்த கடல், பிப்ரவரி, மார்ச்சில்தான் மிகவும் குளிர்ந்திருக்கும். அங்கே அப்போது 10 டிகிரிக்கும் கீழே. காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடல் சூட்டைக் கடத்தும். நனைந்த பனியனும் ஜீன்ஸும் ஈரத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். நம் ஊருக்கு அருமையான துணி பருத்தி. அங்கே அதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று வெட்சூட். நுண்ணிய வாயுக் குமிழ்கள் நிறைந்த நியோப்ரீன் ரப்பர் உடை. உள்ளே கொஞ்சம் தண்ணீர் புகும். அது உடல் சூட்டில் வெதுவெதுப்பாகித் தங்கிவிடும். அதனால் உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும். 'வளர்கிற பிள்ளை, ஒரு சைஸ் பெரிதாக எடுப்போம்' என்று பள்ளிச் சீருடை வாங்குவதுபோல மகளுக்கு வாங்கிவிடாதீர்கள். தொளதொளவென்றிருந்தால் ஒவ்வொரு முறை விழும்போதும் புதுக் குளிர்நீர் உள்ளே பாயும். மேலே காற்றுத் தடுக்கும் மெல்லிய அங்கி ஒன்று போட்டால் ஈர ரப்பரில் காற்றடித்துக் குளிர்வது குறையும்.

மற்றது டிரைசூட். விலை அதிகம்தான், ஆனால் மார்ச் கடலுக்கு நான் இதைத்தான் சொல்வேன். கழுத்திலும் மணிக்கட்டிலும் உள்ள ரப்பர் வளையங்கள் தண்ணீரை வெளியே நிறுத்தும். ஆனால் உடை தானாகச் சூடு தராது. உள்ளே கம்பளி அல்லது பாலியஸ்டரில் செய்த தெர்மல் உள்ளாடை, அதன்மேல் ஃபிளீஸ் எனப்படும் மெத்தென்ற செயற்கை இழை மேலாடை வேண்டும். ஃபிளீஸின் கைநுனி வளையத்துக்கு வெளியே துளி எட்டிப் பார்த்தாலும் விளக்குத் திரி எண்ணெய் உறிஞ்சுவதுபோலத் தண்ணீரை உள்ளே இழுக்கும். ஜிப்பை முழுக்க மூடியதும் குத்தவைத்து உட்கார்ந்து, கழுத்து வளையத்தை லேசாக விலக்கி உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றுங்கள்.

தலை வழியாகத்தான் பாதிச் சூடு போகிறது என்பது பழைய கதை. ஆனாலும் தொப்பி போடுங்கள். நனைந்த தலையில் கடல்காற்று பட்டால் தெரியும் சேதி! காலணி இறுக்கமாக இருந்தால் ரத்த ஓட்டம் குறைந்து பாதம் இன்னும் சில்லிடும்.

இனி விரல்கள். குளிரில் விரல் வெளுத்து, நீலமாகி, சூடேறும்போது சிவந்து குத்துகிறதா என்று கவனியுங்கள். அப்படியானால் அது ரேனாட் எனப்படும் ரத்தநாளச் சுருக்கமாக இருக்கலாம். ப்ரோப்ரனலால் கைகால்களைச் சில்லிட வைக்கும். ரேனாட் இருந்தால் அதை அதிகப்படுத்தும். கையுறை மட்டும் போதாது, முன்கையையும் மூடுங்கள். விரல்களை இயக்கும் பெரிய தசைகள் அங்கேதான் இருக்கின்றன. கரையேறியதும் ஈரத்தைக் கழற்றி, உலர்ந்ததை உடுத்தி, சூடாக ஒரு டீ குடியுங்கள். விஸ்கி வேண்டாம். மரத்த விரலைக் கொதிநீரில் விடவோ தேய்க்கவோ கூடாது. சூடு தெரியாமல் வெந்துபோகும்.

வெளுத்த விரல்களை அடுத்த முறை போட்டோ எடுத்துக்கொண்டு போய் உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். தலைவலிக்கு வேறு மருந்து தரலாமா என்று அவர் முடிவு செய்யட்டும். அதுவரை ப்ரோப்ரனலாலை நீங்களாக நிறுத்த வேண்டாம்.