கிட்டார் கேள்வி பதில்: மெல்லிய ஈ கம்பி ஏன் ஓரத்தில் நழுவுகிறது?

கேள்வி: சார், புல்-ஆஃப் (அழுத்திய விரலால் கம்பியைச் சுண்டி எடுப்பது) வாசிக்கும்போது மெல்லிய ஈ கம்பி, விரல் வைக்கும் போர்டை விட்டுக் கீழே நழுவுகிறது. ஃப்ரெட் (போர்டில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) ஓரங்களை அரம் போட்டால் சரியாகும் என்கிறார்கள். போடலாமா?

பதில்: தயவுசெய்து போடாதீர்கள். ஓரத்தை ராவ ராவ, கம்பி நிற்க வேண்டிய மேடுதான் குறையும். 1 மி.மீ. உயர ஃப்ரெட்டில் 45 டிகிரி சரிவு 1 மி.மீ. இடத்தைத் தின்றுவிடும், செங்குத்திலிருந்து 30 டிகிரி சாய்த்தால் 0.6 மி.மீ.தான் போகும். ராவியதைத் திரும்ப ஒட்ட முடியாது. முதலில் எந்த ஃப்ரெட்டில் நழுவுகிறது என்று பாருங்கள். முதல் மூன்று ஃப்ரெட்டில் என்றால் நட் (தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் சிறு துண்டு). 12-க்கு மேல் என்றால் நெக் (கிட்டாரின் கழுத்து) அல்லது பிரிட்ஜ் (பாடியில் கம்பிகளைத் தாங்கும் பகுதி). எல்லா இடத்திலும் என்றால் ஃப்ரெட் சரிவையே சந்தேகப்படலாம்.

கேள்வி: எனக்கு 12-க்கு மேல்தான் அண்ணா. ஸ்க்ரூ போட்ட நெக், ஸ்ட்ராட் (ஸ்ட்ராட்டோகாஸ்டர் எலக்ட்ரிக் கிட்டார்) மாடல்.

பதில்: அப்படியென்றால் செலவில்லாமல் முடியலாம். கடைசி ஃப்ரெட் அருகே இரண்டு ஈ கம்பிகளுக்கும் போர்டு ஓரத்துக்கும் உள்ள இடைவெளியை ஸ்கேலால் அளங்கள். தடித்த பக்கம் 5 மி.மீ., மெல்லிய பக்கம் 3 மி.மீ. என்று வந்தால் நெக் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்துங்கள், கழற்ற வேண்டாம். பின்பக்க நான்கு ஸ்க்ரூவையும் அரைச் சுற்று மட்டும் இளக்குங்கள். பாடியை மடியில் அழுத்திப் பிடித்து, ஹெட்ஸ்டாக்கை (நெக்கின் தலைப்பகுதி) தடித்த கம்பிப் பக்கமாக, அதாவது வாசிக்கும்போது மேலே இருக்கும் பக்கமாக, மெல்ல இழுங்கள். பெரும்பாலும் ஒரு சின்ன 'டக்' கேட்கும். அந்த நிலையிலேயே பிடித்துக்கொண்டு ஸ்க்ரூக்களை இறுக்கி, சுருதி சேர்த்து மறுபடி அளங்கள். எதிர்ப்பக்கம் இழுத்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

இரண்டு பக்கமும் சமமாக இருந்தும் இடம் போதவில்லையா? பிரிட்ஜைப் பாருங்கள். பழைய ஆறு ஸ்க்ரூ வகையில் ஈ முதல் ஈ வரை சுமார் 56.4 மி.மீ., புதிய இரண்டு போஸ்ட் வகையில் சுமார் 52.4. யாராவது மாற்றிப் போட்ட குறுகிய நெக்கில் அகலமான பிரிட்ஜ் இருந்தால், எப்படித் தள்ளினாலும் ஓரம் போதாது.

கேள்வி: அக்கூஸ்டிக்கில் நெக் ஒட்டியிருக்கிறதே, நழுவல் முதல் ஃப்ரெட்டிலேயே வருகிறது?

பதில்: நட்டை மாற்றுங்கள். 43 மி.மீ. நட்டில் கம்பி மையங்கள் 37 வரை பரந்திருந்தால் 35.5-க்குக் குறைத்து, எலும்பு நட் ஒன்றில் புதிதாகக் காடி (கம்பி உட்காரும் பள்ளம்) வெட்டச் சொல்லுங்கள். இரு ஓரமும் 3-லிருந்து 3.75 ஆகிவிடும். பழைய காடியை அடைத்துப் பக்கத்தில் வெட்டுவது நிலைக்காது.

கேள்வி: கம்பி நழுவவில்லை, ஃப்ரெட் நுனியில் மாட்டிக்கொள்கிறது.

பதில்: நுனி தூக்கியிருக்கிறது. மெல்லிய காகிதம் அடியில் நுழைந்தால் அதுதான். துடைத்து, ஃப்ரெட் அடியில் தண்ணீர்போல் ஓடும் சூப்பர் க்ளூ ஒரு சொட்டு, கட்டை வைத்து கிளாம்ப், இருபது நிமிடம். சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டாமல் ஆரம்பிக்காதீர்கள்.

கேள்வி: ஏசி அறையில் வைத்த பிறகு ஃப்ரெட் ஓரம் கையைக் கீறுகிறது.

பதில்: ஃப்ரெட் வளரவில்லை, காய்ந்து சுருங்கியது மரம். பெட்டியில் ஈரப்பதத்தை 45-55 சதவீதத்தில் இரண்டு வாரம் வைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் துருத்தினால் நீட்டிய நுனியை மட்டும் போர்டு ஓரத்தோடு சமமாக ராவினால் போதும். மேலே உள்ள சரிவைத் தொடாதீர்கள்.