ஐந்து ஊர் ஆலயங்களுக்கு உதவ ஓர் அறக்கட்டளை போதுமா?

கேள்வி: நாங்கள் திருநெல்வேலி மாவட்டத்தில் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த ஒரு சிறு சபை. அக்கம்பக்கத்து ஐந்து கிராமங்களில் ஆலயக் கூரை ஒழுகுகிறது. ஊர்ச் சபையை நடத்தும் ஊழியரான உபதேசியாரின் சம்பளத்துக்கே திண்டாட்டம். அவர்களுக்கு உதவவும், அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பும் மருத்துவ முகாமும் நடத்தவும் ஓர் அறக்கட்டளை தொடங்க விரும்புகிறோம். ஒன்றே போதுமா? 80ஜி கிடைக்குமா? வளைகுடாவிலும் அமெரிக்காவிலும் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்களிடம் பணம் வாங்கலாமா?

பதில்: ஒன்று போதாது. ஆலயப் பணிக்கு ஒன்று, பொதுப் பணிக்கு ஒன்று என்று இரண்டாகப் பதிவு செய்யுங்கள். அலைச்சல் இரட்டிப்பாகும் என்பது உண்மைதான். ஆனாலும் இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

காரணம் 80ஜி. நன்கொடை கொடுப்பவருக்கு வரிச்சலுகை தரும் இந்த அனுமதி அறப்பணிக்கு உரியது; சமயப் பணிக்கு அல்ல. அனுமதி பெற்ற அறக்கட்டளை, ஓர் ஆண்டு வருமானத்தில் ஐந்து சதவீதம் வரைதான் சமயச் செலவு செய்யலாம். பத்து லட்சம் வந்தால் ஐம்பதாயிரம். ஓர் ஆலயத்தின் ஓட்டைப் பிரித்து, உளுத்த சட்டங்களை மாற்றினாலே அந்த ஐம்பதாயிரம் போய்விடும். நீங்கள் சொல்வதோ ஐந்து ஆலயங்கள். வரலாற்றுச் சிறப்புடையவை என்று மத்திய அரசு அறிவிக்கை செய்த ஆலயங்களின் பழுதுபார்ப்புக்குத் தனிச் சலுகை உண்டு. கிராமத்து ஆலயங்களுக்கு அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமானவரிச் சட்டம் நடைமுறையில் இருப்பதால் பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன. விண்ணப்பிக்கும்போது உங்கள் ஆடிட்டரிடம் புதிய எண்ணைக் கேட்டு எழுதுங்கள்.

ஒரு சபையின் கணக்கு நோட்டை நான் பார்த்திருக்கிறேன். ஒரே பக்கத்தில் ஓடு மாற்றிய கூலி, அதற்கடுத்த வரியில் மாலை வகுப்புப் பிள்ளைகளுக்குச் சுண்டல், அதற்கும் கீழே அசன விருந்துக்கு வாங்கிய அரிசி. எழுதியவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். ஒரு ரூபாய்கூடத் தவறவில்லை; கூட்டல் எல்லாம் சரி. ஆனால் எது ஆலயச் செலவு, எது பொதுச் செலவு என்று பிரிக்க மூன்று நாள் ஆனது. நேர்மையான மனிதர் அதிகாரி முன்னால் கைகட்டி விளக்கம் சொல்ல வேண்டிய நிலை வந்தது. இரண்டு நோட்டு, இரண்டு வங்கிக் கணக்கு, இரண்டு ரசீதுப் புத்தகம் இருந்திருந்தால் அது நேர்ந்திருக்காது.

பொதுப்பணி அறக்கட்டளையின் பத்திரத்தில் "கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு" என்று எழுதிவிடாதீர்கள். ஒரு சமயத்தாருக்கு மட்டும் என்று அமைந்த பொதுப்பணி அறக்கட்டளைக்கு வரிவிலக்கு கிடைக்காது. "இந்த ஐந்து கிராமங்களின் பிள்ளைகள் அனைவருக்கும்" என்று எழுதுங்கள், எழுதியபடியே நடத்துங்கள். மருந்து வாங்க வருகிறவரை ஜெபத்துக்கு உட்காரச் சொல்லி நிபந்தனை வைக்க வேண்டாம். சட்டத்துக்குப் பயந்து இதைச் சொல்லவில்லை. கையில் சீட்டோடு வரிசையில் நிற்கும் நோயாளிக்கு நாம் செய்ய வேண்டிய மரியாதை அது.

வெளிநாட்டுப் பணத்தில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். பணம் எந்த நாட்டிலிருந்து வருகிறது என்பதைவிட, அனுப்புகிறவர் எந்த நாட்டுக் குடிமகன் என்பதே முக்கியம். துபாயில் வேலை செய்யும் உங்கள் ஊர்க்காரர் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால், சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகலை வாங்கிக் கோப்பில் வையுங்கள். அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்டவர் அனுப்பினால், அவர் இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்.சி.ஆர்.ஏ. என்னும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் தொடக்கூடாது. பதிவுக்கு நிறுவனம் மூன்றாண்டு இயங்கி, அந்த மூன்றாண்டில் நோக்கப் பணிகளுக்குக் குறைந்தது 15 லட்சம் ரூபாய் செலவழித்திருக்க வேண்டும். ஆகவே பதிவு வழி உங்களுக்கு இப்போதைக்கு இல்லை. அந்த உறவினர்களிடம் இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். அனுப்பிய பிறகு சொன்னால் மனம் வருந்துவார்கள்.

நாளை பதிவு கிடைத்தாலும் ஒன்றை மறக்காதீர்கள். அந்தச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு, வெளிநாட்டு நன்கொடையை வேறு எந்த அமைப்புக்கும் மாற்றித் தர முடியாது. பக்கத்து ஊர்ச் சபைக்கு ஒரு லட்சம் காசோலை எழுதிக் கொடுப்பது குற்றம். ஓட்டுக் கடைக்காரருக்கும் தச்சருக்கும் உங்கள் அறக்கட்டளையே நேரடியாகப் பணம் கொடுத்து, பில்லைத் தன் பெயரில் வாங்க வேண்டும். உள்ளூர்ப் பணத்துக்கும் இதே முறையைப் பரிந்துரைக்கிறேன். பணம் கைமாறக் கைமாறச் சந்தேகமும் வளரும்.

கூரையில் கை வைக்கும் முன் இன்னொரு வேலை இருக்கிறது. தென்னிந்தியத் திருச்சபையில் ஆலயச் சொத்து பொதுவாகத் திருச்சபையின் அல்லது திருமண்டலத்தின் (பேராயர் ஆளுகைக்குட்பட்ட பகுதியின்) சொத்துரிமை அமைப்பின் பெயரில்தான் இருக்கும்; அந்த ஊர்ச் சபையின் பெயரிலோ, உபதேசியார் பெயரிலோ இருக்காது. எனவே பல ஊர்ச் சபைகளுக்குப் பொறுப்பான சேகர குரு வழியாகத் திருமண்டலத்தின் எழுத்துப்பூர்வ இசைவைப் பெறுங்கள். அறங்காவலர்களில் ஊருக்கு ஒருவர் இருக்கட்டும். ஐந்து பேரும் உங்கள் சபையார் என்றால் மற்ற ஊர்க்காரர்கள் கை நீட்டி நிற்பவர்களாகிவிடுவார்கள். இந்த மண்ணில் 1830லேயே மிஷனரி ரேனியஸ் ஐயர் நிலம் வாங்கவும் குடியிருப்புகள் அமைக்கவும் தர்ம சங்கம் கண்டார். 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. ஊர் ஊராகச் சேர்ந்து தாங்கும் பழக்கம் நம் முன்னோர் கொடுத்தது. உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்ட பாட்டிமார் நடத்திய நிதியம் அது.

அந்தப் பிடி அரிசியும், ஸ்தோத்திரப் பண்டிகை ஏலப் பணமும், காணிக்கைப் பெட்டியும் ஆலயக் கணக்கிலேயே இருக்கட்டும். முழுக்கச் சமய நிறுவனமாக இருந்தால், பெயர் தெரியாத காணிக்கைக்கு என்று தனி வரி கிடையாது. பொதுப்பணி அறக்கட்டளையிலோ, மொத்த நன்கொடையில் ஐந்து சதவீதம் அல்லது ஒரு லட்சம், இவற்றில் எது அதிகமோ அதைத் தாண்டிய பெயரில்லா நன்கொடைக்கு 30 சதவீத வரி. மருத்துவ முகாமில் உண்டியல் வைக்காதீர்கள். மேசை போட்டு, பெயரும் முகவரியும் எழுதி ரசீது கொடுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் 80ஜி சலுகை கிடைக்காது என்பதையும், புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவருக்கு அந்தச் சலுகையே இல்லை என்பதையும் அந்த மேசையில் உட்காருகிறவர் அறிந்திருக்க வேண்டும்.